தாள் காயாத வெங்காயம்

எங்கள் மகளிர் குழுவுக்கு நான் தலைவியானது என் திறமையால் அல்ல, என் வாயால். பேங்க் மேனேஜரிடமே சத்தம் போட்டுப் பேசுவேன் என்று மற்ற பதினொரு பேரும் சேர்ந்து என்னை முன்னால் தள்ளிவிட்டார்கள்.

குன்னம் பக்கம் எங்களுக்குச் சின்ன வெங்காயம்தான் எல்லாம். அடுத்த பட்டத்துக்கான விதை வெங்காயத்தை அவரவர் தனித்தனியாக வைத்திருந்தோம். எல்லாவற்றையும் என் காட்டில் ஒரே பட்டறையாகப் போட்டு, நடவு வரைக்கும் சேமிக்கலாம் என்று நான்தான் சொன்னேன். மூங்கிலும் கீற்றும் வைத்து, அடியில் காற்று போகும்படி கட்டினோம். வெங்காயத்தைக் கொண்டுவந்து கொட்டிய அன்று வானம் மூடிக்கொண்டு வந்தது. மழைக்கு முன்னால் அடைத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரே பரபரப்பு.

என் கொழுந்தனாரின் மனைவியும் குழுவில் இருக்கிறாள். அவள் ஒரு வெங்காயத்தின் தலைப்பில் இருந்த தாளைத் திருகிப் பார்த்தாள்.

“அக்கா, தாளு இன்னும் பச்சையா இருக்கு. தார்ப்பாய் போட்டு மூடிட்டு, ரெண்டு நாளு காயவச்சுப் போடுவோம்க்கா.”

“இங்க தலைவி நீயா, நானா?” என்றேன், எல்லோர் முன்னாலும். அவள் கூடையைத் தூக்கினாள். அன்றே பட்டறையை அடைத்துவிட்டோம்.

மூன்றே வாரத்தில் பட்டறைப் பக்கம் போனாலே நாற்றம். பிரித்துப் பார்த்தால் அத்தனையும் அழுகிக் கிடந்தது. “மழைத் தண்ணி உள்ள போயிருச்சு” என்றேன். பொய். கீற்று ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. விதை இல்லாததால் அந்தப் பட்டத்தில் அவள் நிலத்தில் மக்காச்சோளம் போட்டாள். அதைத் தாண்டித்தான் நான் தினமும் பஸ்ஸுக்குப் போக வேண்டும். சோளம் வளர வளர எனக்கு அந்தப் பக்கம் பார்க்கவே கூசியது.

ஒருநாள் கூட்டத்தில் போட்டு உடைத்துவிட்டேன். “மழை இல்ல. இவ சொன்னா, நான்தான் கேக்கல. இனிமே இவளே தலைவியா இருக்கட்டும்.” சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

“நீங்களே இருங்கக்கா. பேங்குல சத்தம் போட நமக்கு ஆளு வேணும்ல?” என்றாள் அவள். எல்லோரும் சிரித்தார்கள். அழுதுகொண்டே நானும் சிரித்தேன்.

அன்று ஒரு வழக்கம் வைத்தோம். பட்டறை அடைக்கும் முன்னால் பன்னிரண்டு பேரும் ஆளுக்கொரு தாளைத் திருகிப் பார்க்க வேண்டும். ஒருத்தி வேண்டாமென்றாலும் காத்திருக்க வேண்டும்.

இந்த வருடம் பதினொரு பேர் சரி என்றோம். கடைசியாக அவள் திருகினாள். வானம் அன்றுபோலவே மூடியிருந்தது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் அன்று போட்ட சத்தம் இன்னும் அவளை விட்டுப் போகவில்லை.

“சொல்லும்மா” என்றேன்.

“இன்னும் ஒரு நாளு காயட்டும்க்கா.”

தார்ப்பாயின் ஒரு முனையை அவள் கையில் கொடுத்தேன். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நான் வெங்காயக் குவியலின் அந்தக் கோடிக்கு நடந்தேன்.