தலையை மூடிய பாய்

டோர்செட் பார்க்கில் எங்கள் கட்டடத்து லிஃப்டில் தைல வாசனை மூக்கில் ஏறினால், செஃபோ இப்போதுதான் இறங்கிப் போயிருக்கிறார் என்று அர்த்தம். சமோவாப் பெற்றோருக்கு நியூசிலாந்தில் பிறந்து, குத்துச்சண்டையே தொழிலாகக் கனடாவுக்கு வந்த அவர், ஏழாம் மாடியில் எங்களுக்கு மூன்று கதவு தள்ளிக் குடியிருந்தார். உள்ளூர்ப் பையன்கள் பெயரெடுக்க வேண்டுமென்று, தோற்பதற்காகவே அழைக்கப்பட்டவர், பிடிவாதமாக வென்றுகொண்டிருந்தார். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு குளிர்காலத்தில், பட்டத்துக்கான சண்டையும் கிடைத்தது. அதில் வென்றால் இங்கேயே தங்கிவிடலாம் என்று அவரும் மனைவியும் நம்பியிருந்தார்கள்.

என் அண்ணனுக்கு அவர்மேல் பைத்தியம். பயிற்சியில் எதிரே நிற்க ஆள் தேவை என்றதும் ஓடிப்போய் நின்றான். ஒரு குத்தில் தாடை உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

இரண்டு நாள் கழித்து, காலையில் கதவுத் துளையால் பார்த்த அம்மா, "ஐயோ, தலையாட்டி!" என்று அலறினார். ஊரில் இராணுவம் பிடித்துவந்த ஆட்களை, முகம் மூடி நின்று தலையசைத்துக் காட்டிக்கொடுப்பவனுக்கு அந்தப் பெயர். என் மாமா அப்படி ஒரு தலையசைப்பில் போனவர். வாசலில் ஓர் உருவம், தலையோடு பாயைப் போர்த்துக்கொண்டு மண்டியிட்டிருந்தது.

அப்பா துளையால் எட்டிப் பார்த்தார். அந்த அகலமான தோளை யாருக்கும் தெரியும். "உவன் அந்த பொக்சர். பிள்ளையின்ர வாயை உடைச்சது காணாதெண்டு வாசலுக்கும் வந்திட்டான். பொலிசுக்கு கோல் பண்ணு பிள்ளை."

வீட்டில் ஆங்கிலம் என்னுடைய வேலை. எனக்குப் பதினொரு வயது. அந்த ஆள் மிரட்டுகிறானா என்று தொலைபேசியில் கேட்டார்கள். நான் அப்பாவைக் கேட்கவில்லை. அண்ணனின் வீங்கிய முகத்தை நினைத்து, ஓம் என்றேன்.

அவரைக் கொண்டுபோனார்கள். பாயை அப்பா சுருட்டிக் குப்பைக் குழாயில் போட்டார்.

மத்தியானம் அவர் மனைவி பாயைத் தேடி வந்தார். தீங்கு செய்தவர், அந்த வீட்டு வாசலில் பாயால் தலையை மூடிக் காத்திருப்பது அவர்களுடைய மன்னிப்புக் கேட்கும் முறையாம். வீட்டார் பாயை நீக்கினால் மன்னித்ததாக அர்த்தம். கூடவந்து மண்டியிட உறவுகள் இங்கே இல்லாததால் தனியே வந்தாராம். பாய் தலைமுறைகளாகக் குடும்பத்தில் இருந்ததாம்.

"என்னவாம்?" என்றார் அம்மா.

"பாயைக் கேக்கிறா" என்றேன். மீதியைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"எறிஞ்சாச்சு எண்டு சொல்லு."

சொன்னேன். அந்தப் பெண் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வழக்குப் போட்டார்கள். சண்டை இன்னொருவருக்குப் போனது. விசாவும் நீடிக்கப்படவில்லை. வசந்தம் வருமுன்னே மூன்றாம் கதவு பூட்டிக்கிடந்தது.

இப்போது அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் புதிது. தைல வாசனை இல்லை. அவர் பெயரைச் சொன்னால் தெரிந்தவர்களும் இல்லை. அப்பா, அம்மா போய்விட்டார்கள். அண்ணன் மட்டும் இன்றும் மெல்லும்போது தாடையைப் பிடித்துக்கொள்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் கேட்டான்: "செஃபோ நல்ல மனிசன் எண்டுதான் நான் நினைச்சிருந்தனான். உண்மையா வந்து மிரட்டினவரோ?"

எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. சொல்லிவிட இதைவிட நல்ல தருணம் வராது என்றும் தெரிந்தது.

"ஓம்" என்றேன்.