இடது பக்கக் கதவு

எனக்கு எண்பத்திரண்டு வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு. மற்ற இரண்டும் என் தங்கை விட்டுப்போன பிள்ளைகள். எழுத்து என்று எனக்குத் தெரிந்தது என் பெயரும், கோயில் பாட்டுப் புத்தகத்தில் பார்த்துப் பழகிய சில வரிகளும்தான். ஆகையால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். சொல்ல வேண்டி வந்ததற்குக் காரணம் எங்கள் முற்றத்தில் நிற்கிற கார். கரும்பச்சை நிறம். இரண்டு பேர்தான் இருக்கலாம். கூரை கிடையாது, மழை வந்தால் இழுத்து மூடத் துணி உண்டு. பழைய கார்களில் ஆசை வைத்தவர்கள் கொழும்பிலிருந்தெல்லாம் மன்னார்த் தீவுக்கு, பேசாலை ஊரும் தாண்டி வந்து அதைப் பார்க்கிறார்கள், சுற்றிச் சுற்றிப் படம் எடுக்கிறார்கள். கடைசியில் எல்லோரும் ஒன்றையே கேட்கிறார்கள். இவ்வளவு பாடுபட்டுத் திருத்திய காருக்கு இடது பக்கக் கதவு மட்டும் ஏன் இல்லை? "கிடைக்கேல்லையா அம்மா?" என்பார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்று நான் சொன்னால் பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரிப்பார்கள்.

என் கணவர் கொழும்பில் ஒரு கராஜில் வேலை செய்தவர். வாகனத்தின் சத்தத்தைக் கேட்டே எங்கே நோகிறது என்று சொல்வார். அங்கே தன் காரைத் திருத்தக் கொண்டு வருகிற ஒரு டாக்குத்தர் நாட்டை விட்டுப் போகும்போது, "இதை நீர்தான் பிள்ளை மாதிரிப் பார்த்தனீர், நீரே வைச்சிரும்" என்று கொடுத்துவிட்டுப் போன கார் இது. ஸ்போர்ட்ஸ் கார் என்றார்கள். அதை அவர் மன்னாருக்கு ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்திய நாளில் நான் கைக்குழந்தையோடு நின்றேன், பின்னால் மற்றப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். "வீட்டில இத்தனை பேர். நீங்கள் ரெண்டு பேர் ஏறுற காரைக் கொண்டு வந்து நிக்கிறியள். ஆரை ஏத்துறது, ஆரை விடுறது?" என்று கேட்டேன். அவர் பொனற்றை, காரின் முன்மூடியை, துடைத்துக்கொண்டிருந்தார். கடற்கரைக்குப் போகிறவர்கள் நின்று பார்த்து, "ஒரு மீன்பெட்டி வைக்க இடமில்லை, இதென்ன கார் அண்ணை?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

அன்றைக்கு ஏறிப்பார்க்க ஆசைப்பட்ட ஒரே ஆள் என் மச்சாள், அவருடைய அக்கா. பக்கத்து வளவில் ஒரே மகனோடு இருந்தா. கணவனைக் கடலுக்குக் கொடுத்தவ. குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு ஏறி இருந்து, "தம்பி, மெல்லப் போ, குடை பறந்தால் நானும் பறந்திடுவன்" என்று சொன்னா. மடியில் மகனை வைத்துக்கொண்டு தலைமன்னார் வீதியில் போய் வந்தா. வந்து இறங்கும்போது அந்தப் பையன் இறங்க மாட்டேன் என்று இடது பக்கக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதது இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

பிறகு சண்டைக் காலம் வந்தது. பெற்றோல் இல்லை. யார் வந்தாலும் ஓடுகிற வாகனத்தைத்தான் முதலில் கேட்டார்கள். ஓடாத வாகனத்தை ஒருவரும் கேட்க மாட்டார்கள் என்று சொல்லிவிட்டு என் கணவர் காரைக் கழட்டத் தொடங்கினார். எனக்கு அது ஒரு செத்த வீடு மாதிரி இருந்தது. இயந்திரத்துக்குள் எண்ணெய் வார்த்து, மேலே கிரீஸ் பூசி, சாக்கில் சுற்றி, தார்ப் பீப்பாவுக்குள் இறக்கி ஆட்டுக் கொட்டிலுக்குக் கீழே புதைத்தார். ஆட்டுப் புழுக்கைக்குள் ஒருவரும் கை வைக்க மாட்டார்கள் என்பது அவருடைய கணக்கு. காரின் வெறும் கூட்டைக் கொட்டிலுக்குப் பின்னால் விட்டு, மற்றச் சாமான்களைத் தெரிந்த வீடுகளுக்குக் கொடுத்தார். வைத்திருங்கோ என்று மட்டும் கொடுத்தால் பாரமென்று எறிந்துவிடுவார்கள், பாவிக்கக் கொடுத்தால் கவனிப்பார்கள் என்று சொன்னார். அப்படியே பாவித்தார்கள். பொனற் ஒரு வீட்டில் கிணற்றுக்கு மூடியாயிற்று. இரண்டு இருக்கைகளும் ஒரு கடையின் முன்னால் கதிரைகளாயின. ஒரு முன்விளக்கின் பளபளத்த கிண்ணம் கோயிலில் அந்தோனியார் சுரூபத்துக்குப் பின்னால் போய், ஒரு சின்ன விளக்கின் வெளிச்சத்தைப் பெரிதாக்கிக் காட்டியது.

இடது பக்கக் கதவு மச்சாள் சமைக்கிற குசினிக்குப் போனது. குசினி வாசலில் ஆடும் கோழியும் உள்ளே வராமல் அரைக் கதவு வேண்டும் என்று அவ கனநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தா. ஸ்போர்ட்ஸ் கார்க் கதவு பதிவானது, உயரம் குறைவு. அளவு அப்படியே பொருந்திவிட்டது. பலகைச் சட்டத்தில் பிணைச்சலோடு, பூட்டோடு பொருத்திக் கொடுத்தார். ஆனால் அதன் பூட்டு ஒரேயடியாக விழாது. முதலில் ஒரு தரம் டக் என்று பிடித்து, கொஞ்சம் பின்வாங்கி, பிறகு இன்னொரு தரம் டக் என்று விழும். மச்சாளின் மகன் வளர்ந்து கடலுக்குப் போகத் தொடங்கிய பிறகு, இரண்டு கையிலும் மீனோ தண்ணீரோ இருக்கும். இடுப்பால் தள்ளிக்கொண்டு வந்து குதிக்காலால் பின்னுக்கு உதைப்பான். அந்த இரண்டு டக்கும் எங்கள் வீட்டுக்குக் கேட்கும். "மருமகன் வந்திட்டான்" என்று என் கணவர் சொல்வார்.

ஒரு நாள் காலையில், பேசாலைக்குப் போய் வாறன் என்று சொல்லி அந்தக் கதவால் வெளியே போனவன் திரும்பி வரவில்லை. எங்கே எடுபட்டான், யார் கொண்டுபோனார்கள் என்று ஒன்றும் தெரியாது. மச்சாள் கேட்காத இடமில்லை, ஏறாத அரசாங்கக் கந்தோர் இல்லை. நாங்கள் எல்லோரும் ஊரை விட்டு வெளிக்கிட்டுத் திரும்பி வந்தபோது அவவின் குசினிக்குக் கூரை இருக்கவில்லை. அரைக் கதவு மட்டும் நின்றது. அதை இரண்டு தரம் திறந்து சாத்திப் பார்த்துவிட்டுத்தான் அவ கூரை வேயக் கிடுகு தேடப் போனா.

சண்டை முடிந்து, பிள்ளைகள் ஒவ்வொரு பக்கம் போய், வீட்டில் நாங்கள் இரண்டு பேராய் ஆன பிறகுதான் என் கணவர் பீப்பாவைத் தோண்டினார். அந்த நேரம் அவருடைய வலது கை நடுங்கத் தொடங்கியிருந்தது. தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடிப்பார். "கை முழுக்கப் போறதுக்கு முந்தி அதை முழுசா ஒருக்காப் பாத்திடவேணும்" என்றார். முழுசா என்ற சொல்லை அழுத்திச் சொன்னார். இயந்திரம் இறுகிப் போய்க் கிடந்தது. எண்ணெய் வார்த்து வைத்துவிட்டு, தினமும் காலையில் தேநீர் குடித்த கையோடு போய் ஸ்பானரைப் பூட்டி, உடம்பின் பாரத்தை அதில் போட்டுப் பார்ப்பார். அது அசையாது. "நாளைக்குப் பாப்பம்" என்று அதற்கே சொல்லிவிட்டு வருவார். ஒரு நாள் அது ஒரு விரற்கடை அசைந்தது. முற்றத்தில் நின்று என்னைக் கூப்பிட்ட சத்தத்தில் நான் பாம்பு கடித்துவிட்டதாக்கும் என்று ஓடினேன்.

சாமான்களைக் கேட்டு வாங்கப் போனபோது ஊர் சிரித்தது. கிணற்று மூடியைக் கொடுத்தவ, "அண்ணை, இவ்வளவு காலமும் நாங்கள் கார்த் தண்ணியே குடிச்சனாங்கள்?" என்று கேட்டா. கடைக்காரர் இருக்கைகளைக் கொடுத்துவிட்டு, முதல் ஓட்டத்துக்குத் தன்னைத்தான் ஏற்ற வேண்டும் என்றார். கோயில் சுவாமியார் முன்விளக்கைத் துடைத்தே கொடுத்தார். இல்லாதவற்றை மூத்த மகன் கனடாவிலிருந்து அனுப்பினான். கடைசியில் பாக்கி இருந்தது கதவு ஒன்றுதான்.

அதைக் கேட்கப் போகும்போது நானும் கூடப் போனேன். மச்சாள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தா. கை நிற்கவில்லை.

"கதவைக் கழட்டிப்போட்டு, அவன் வந்தால் என்னத்தைத் தள்ளிக்கொண்டு வருவான்?"

"அக்கா, வேற கதவு போட்டுத் தாறன். நல்ல வேப்பம் பலகையில செய்து தாறன்."

"வேப்பங் கதவை அவனுக்குத் தெரியாது, தம்பி."

"எவ்வளவு காலமக்கா..." என்று என் கணவர் வாய் தடுமாறிச் சொல்லிவிட்டார். துருவின கை அப்போதுதான் நின்றது. "உன்ர கார் எவ்வளவு காலம் மண்ணுக்குள்ள கிடந்தது? நீ தோண்டி எடுக்கேல்லையோ?" என்று கேட்டா. அவர் கோபத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டார். ஈஸ்டருக்கு முந்தின தவசு காலம் முழுக்க அக்காவும் தம்பியும் கதைக்கவில்லை. கோயிலில் ஒரே வாங்குப் பலகையின் இரண்டு நுனியில் இருந்தார்கள்.

ஈஸ்டர் வந்ததும் சமாதானமாக வேண்டும் என்று அவர் நினைத்தார். வாயால் கதைக்க அவருக்கு வராது, கையால்தான் வரும். மச்சாள் பூசைக்குப் போன நேரம் பார்த்து ஸ்பானர்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். கதவைக் கழட்டவில்லை. கடற்காற்றில் பிடித்திருந்த துருவை உரசி எடுத்து, காருக்கு வாங்கின அதே பச்சைப் பெயின்ற்றை அடித்து, பூட்டைப் பிரித்துக் கழுவி, கிரீஸ் வைத்து, காருக்கென்று மகன் அனுப்பின புதுச் சுருள்கம்பியைப் போட்டு மூடினார். கதவு பஞ்சில் விழுந்த மாதிரி ஒரே மூச்சில் சாத்தியது. புதுக் காரில்கூட அப்படி இருந்திருக்காது. அவர் முகம் பூரித்துப் போயிருந்தது.

மச்சாள் வந்தா. நிறத்தைத் தடவிப் பார்த்துச் சந்தோசப்பட்டா. உள்ளே போய்க் கதவைச் சாத்தினா. திறந்தா. திரும்பச் சாத்தினா. பிறகு அந்த இடத்திலேயே இருந்துவிட்டா.

"இது ஆரின்ர கதவு?" என்று கேட்டா. "சத்தம் எங்க தம்பி?"

அன்றைக்கு அவர் முகம் போன போக்கை நான் எப்படிச் சொல்ல. வாழ்நாள் முழுக்க வாகனங்களின் சத்தத்தைப் போக்கிக் கைநீட்டிச் சம்பளம் வாங்கின மனிதர். தான் செய்த வேலை நல்லாய் அமைந்ததால் ஒருவருக்கு இப்படி நேர்ந்தது அவருக்கு அதுதான் முதல் தரம். மச்சாள் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். அடுத்த நாள் அவவின் அடுப்பில் புகை வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. நான் வேலிக்கு மேலால் சோறு கொடுத்தேன், சோற்றுக் கோப்பை அப்படியே திரும்பி வந்தது.

காரை அப்படியே விட்டுவிட்டு அவர் சத்தத்தைத் தேடத் தொடங்கினார். எறிந்த பழைய சுருள்கம்பியை ஆட்டுக் கொட்டில் குப்பைக்குள் நான்தான் தேடி எடுத்தேன். அதைத் திரும்பப் போட்டார். கிரீஸைப் பெற்றோலால் கழுவி எடுத்தார். சத்தம் வந்தது, ஆனால் ஒரே ஒரு டக். இரண்டாவது வரவில்லை. அந்தப் பின்வாங்கலைத் தந்தது துருதான் என்று கண்டுபிடித்தார். பிறகு நடந்ததைச் சொன்னால் கராஜில் அவரோடு வேலை செய்தவர்கள் நம்ப மாட்டார்கள். தகரப் பேணியோடு கடற்கரைக்குப் போய்க் கடல்தண்ணி மொண்டு வந்து, நடுங்குகிற கையால் அந்தப் பூட்டுக்குள் வார்த்தார். உப்பு இரும்பைத் தொடக்கூடாது என்று எங்களையெல்லாம் பேசிப் பேசி வளர்த்தவர். பின்னேரம் பின்னேரம் போய் வார்த்தார். கடைக்காரர் கண்டுவிட்டு, "என்ன அண்ணை, கதவுக்குக் கருவாடு போடுறியளோ?" என்று கேட்டார். "ஓம், உப்பு இன்னும் பிடிக்கேல்லை" என்று இவர் சொல்லிவிட்டு வந்தார்.

அது பிடித்த நாளில் நான் வேலிக்கு இந்தப் பக்கம் உடுப்பு உலர்த்திக்கொண்டு நின்றேன். மச்சாள் அன்றைக்குத்தான் எழும்பி அடுப்பு மூட்டி, எங்களுக்கு முதுகு காட்டி இருந்தா. இவர் ஒரு கையில் பேணி, மற்றக் கையில் ஸ்பானர், திறந்துவிடக் கை இல்லாமல் கதவை இடுப்பால் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். நினைத்துச் செய்ததில்லை. கதவு தானாகப் பின்னால் வந்து விழுந்தது. டக். கொஞ்சம் பொறுத்து, டக்.

மச்சாள் திரும்பவில்லை. அகப்பையால் சட்டியைக் கிண்டிக்கொண்டே, "வந்திட்டியா? கையைக் கழுவிப்போட்டு வா, சாப்பிட" என்றா.

நான் நனைந்த சீலையைப் பிடித்தபடி நின்றேன். என் கணவரும் அசையாமல் நின்றார். பிறகு பேணியையும் ஸ்பானரையும் சத்தமில்லாமல் நிலத்தில் வைத்தார். "ஓம்" என்றார். வாளித் தண்ணீரில் கை கழுவினார். போய்ப் பலகையில் குந்தி இருந்தார். மச்சாள் சோற்றோடு திரும்பினா. தம்பியைப் பார்த்தா. கோப்பையை அவருக்கு முன்னால் வைத்து, மீன் துண்டில் பெரியதை எடுத்துப் போட்டா. வீட்டில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போன மனிதர் அதைக் கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டார்.

வீட்டுக்கு வந்து, "காருக்கு அந்தப் பக்கம் கதவு வேண்டாம்" என்றார். கனடாவிலிருந்து மகன், வேறு கதவு செய்விக்கலாம் என்று எத்தனையோ தரம் சொன்னான். இவர் கேட்கவில்லை. "கதவு இருக்கு. அது போட்ட இடத்தில நிக்குது" என்பார். முதல் ஓட்டத்தில் கடைக்காரரை விட்டுவிட்டு என்னைத்தான் ஏற்றினார். நான் விழுந்துவிடுவேன் என்று கதவு இல்லாத பக்கத்துக்கு வள்ளம் கட்டுகிற கயிற்றை இழுத்துக் கட்டினார். அப்படியும் பயம். வீதியில் நின்ற கழுதைகள் எங்களைத் தாண்டி நடந்து போயின. "உந்தப் போக்குக்கு மாட்டு வண்டில் போதுமே" என்றேன். "நீ கயித்தைப் பிடி" என்றார். காற்று என் மடிவரை வந்தது.

போன வருசம் அவர் போய்விட்டார். அடக்கம் முடிந்த பிறகு மச்சாள் என்னிடம் வந்து, "பிள்ளை, தம்பியின்ர கார் ஒரு பக்கம் திறந்து கிடக்குது. வேணுமெண்டால் கதவைக் கழட்டிக்கொண்டு போ" என்றா. முழுசாகப் பார்க்க ஆசைப்பட்டவர் போன பிறகு எனக்கு எதற்கு? "இருக்கட்டும் மச்சாள். எனக்கும் அந்தச் சத்தம் பழகிப்போச்சு" என்றேன். இப்போதும் அவ பூசைக்குப் போய் வரும்போது அது இரண்டு தரம் கேட்கிறது. ஒவ்வொரு தரமும் நான் வேலிப் பக்கம் திரும்பிப் பார்க்கிறேன்.

இவ்வளவும் போதும் பிள்ளை. எழுதியதை ஒருக்கா வாசி, சரியோ பாப்பம். மச்சாள் சாப்பிடக் கூப்பிட்ட அந்த இடம் வரும்போது மட்டும் குரலைக் குறைத்து வாசி. அவ வேலிக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறா.