ஒரே கதவில் இரண்டு நோட்டீஸ்

நான் கள்ளக்குறிச்சி தாலுகா ஆபீஸில் ஜீப் டிரைவராக இருந்தவன். ஸ்டியரிங், கிளட்ச் போக எனக்குக் கைவந்த இன்னொரு வேலை மைதாப் பசை காய்ச்சுவது. பியூன் வராத நாட்களில் நோட்டீஸ் ஒட்டுவதும் என் தலையில்தான் விழும்.

ஜாகீர்தார்களின் ஆட்சி ஒழிந்து கல்வராயன் மலை சர்க்காருக்கு வந்த புதிது. அங்கே ஒரு பிரெஞ்சு சாமியார் புறம்போக்கில் கொட்டகை போட்டு, மலைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார். அதை விட்டால் அவர்களுக்கு வேறு பள்ளிக்கூடம் கிடையாது. தாசில்தாருக்கோ, தன்னைக் கேட்காமல் கட்டிவிட்டாரே என்று ஆத்திரம். 'காலி செய்யாவிட்டால் இடிக்கப்படும்' என்ற நோட்டீஸைக் கதவில் ஒட்டியது நான்தான். பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு மனசே கேட்கவில்லை.

சாமியார் கச்சிராயபாளையம் சந்தையில் கற்ற தமிழில், "இன்னா பாய், பசை ஜாஸ்தியா கீதே?" என்றார். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

இடிக்கப் போவதற்குள் எலெக்‌ஷன் வந்துவிட்டது. அந்த ஊரிலேயே பூத் வைக்கும்படி மேலிடத்து உத்தரவு. பூட்டுகிற மாதிரி கதவுள்ள ஒரே பொது இடம் அந்தக் கொட்டகைதான்! மறுபடி மலை ஏறினோம்.

"ஃபாதர், ஒரு நாளைக்கு மட்டும்... பூத்துக்கு..." என்று தாசில்தார் மென்று விழுங்கினார்.

"இடிக்கப் போறீங்களா, ஓட்டு போடப் போறீங்களா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க சார்." சாமியார் வாய்விட்டுச் சிரித்தார். "சாவி தரேன். சுவத்துல இருக்கிற சிலுவையையும் நானே கழட்டி வெச்சிடறேன். மொதல்ல டீ குடிங்க."

பூத் நோட்டீஸ் ஒட்டுவதும் என் வேலைதான். கதவில் வேறு இடம் இல்லையா? தாராளமாக இருந்தது. வேண்டுமென்றே பழைய நோட்டீஸின் மேலேயே பசையை அள்ளிப் பூசி ஒட்டினேன்.

ஓட்டெடுப்பு முடிந்து பெட்டிகளை ஜீப்பில் ஏற்றினோம். தாசில்தார் கதவைப் பார்த்தார்.

"பாய், பூத் நோட்டீஸை உரிச்சிடுங்க."

"உரிச்சா அடியில இருக்கிறதும் கூடவே வந்துடும் சார்."

அவர் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே பிள்ளைகள் பெஞ்சுகளைத் திரும்ப இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வந்தா வரட்டும், இன்னா இப்போ? உரிங்க."

ஒரே இழுப்பு. அல்ஹம்துலில்லாஹ் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அந்த இடத்தைப் பள்ளிக்கூடத்துக்கே ஒதுக்கும்படி அப்புறம் அவரே மேலே எழுதினார்.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளே, சர்க்கார் உத்தரவைத் தட்ட முடியாது, ஒட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் பசை காய்ச்சுவது நம் கையில்தான்.