ஆலப்பாக்கத்தில் மாமன் மடி

தப்பு முழுக்க என் மச்சானுடையது. சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு விமானத்தில் நாலு மணி நேரம் என்று போனில் பார்த்துவிட்டு, என் மகளின் காதுகுத்துக்கு “காலை டிபனுக்கே வந்துடுறேன்” என்றவன் அவன். சென்னையிலிருந்து சிதம்பரத்தில் எங்கள் வீட்டுக்கு ரோடு இருப்பதையே மறந்துவிட்டான்.

ஏர்போர்ட் போய் நான் அவனை ஏற்றிவந்த கார் கடலூர் தாண்டி, ஆலப்பாக்கத்தில் டயர் வெடித்து நிற்கிறது. ஸ்டெப்னியிலும் காற்றில்லை. பஸ்ஸில் போனால் நல்ல நேரம் தாண்டிவிடும். தாய்மாமன் மடியில் உட்காராமல் காது குத்தக்கூடாது என்று போனில் அழுகிறாள் என் மனைவி.

டீக்கடைக்கார அக்கா எட்டிப் பார்க்கிறார்.

“மாமன் மடிதான வேணும்? பெஞ்சு கெடக்குது, உக்காரச் சொல்லுங்க. அங்க காரு இருக்கும்ல, புள்ளைய இங்க தூக்கியாரட்டும்.”

“ரோட்டோரத்துலயாக்கா?”

“ஏன், ஏரோப்ளேன்லதான் குத்துவீங்களோ?”

குழந்தையோடும் ஆசாரியோடும் மனைவி வந்து இறங்கும்போது நல்ல நேரம் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. மாமன் மடியில் மகள் வீறிட்டு அழுகிறாள். அக்கா அவள் வாயில் சர்க்கரை வைக்கிறார். இரண்டு காதிலும் தோடு. எனக்கு இப்போதுதான் மூச்சு வருகிறது.

மச்சான், குடும்ப வாட்ஸப் குரூப்பில் எல்லாரும் பார்க்கப் பதில் போடு: இனிமேல் கணக்கை ஏர்போர்ட்டோடு நிறுத்துவாயா, வீட்டு வாசல் வரை போடுவாயா?