தேவ்நார் பிரசவ விடுதியின் மூன்றாம் கட்டில்

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இன்னாசிமுத்து நேரே வீட்டுக்குப் போகமாட்டார். தேவ்நார் சாலையோரம் மாநில சர்க்கார் கட்டிப் பூட்டி வைத்திருந்த பிரசவ விடுதிக்குப் போவார். சுவரைத் தட்டிப் பார்ப்பார். பூட்டை இழுத்துப் பார்ப்பார். ஜன்னல் கண்ணாடியில் மூக்கை அழுத்தி உள்ளே இருக்கும் ஆறு கட்டில்களையும் எண்ணிவிட்டுத் திரும்புவார்.

அவர் தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறைக்காரர். தூத்துக்குடிப் பக்கம் சொந்த ஊர். குடியிருப்பது விடுதிக்குக் கிட்டத்தில் ஒரு வரிசை வீட்டில்; அவருக்கு அடுத்த அறை என்னுடையது. ஊர் மிஷன் ஆஸ்பத்திரியில் பயிற்சி பெற்று, பம்பாயில் இருபத்தெட்டு வருஷம் பிரசவ வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அவர் மனைவி வாடகை அறைத் தரையில் செல்வமேரியைப் பெற்று, மூன்றாம் நாள் காய்ச்சலில் போனாள். அது நான் இந்த வரிசைக்கு வருவதற்கு முன்பு. அந்த ஒரே மகள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தில் தலைப்பிரசவத்துக்காக விக்ரோலியில் புருஷன் வீட்டிலிருந்து அப்பாவிடம் வந்திருந்தாள்.

வரியைப் பற்றி அவரிடம் யாரும் வாய் கொடுக்கமாட்டார்கள். விடுதிக்கு எதிரே தேநீர்க் கடை வைத்திருக்கும் ஷேக் பரீத் மட்டும் வேண்டுமென்றே கிண்டிவிடுவார்.

"என்ன அண்ணாச்சி, உங்க சொத்தைப் பாக்க வந்தீயளா?"

"சிரிக்காதேயும் வே. தோலுக்கு வரி, நூலுக்கு வரி, தைச்ச பைக்கும் வரி. சினிமா பாத்தா அதுக்கும் வரி. கூடுதல்னு நான் சொன்னனா? வாங்கினதுக்குச் சாமானைக் குடுங்கேன்."

"குடுத்திருக்கானே, கட்டடம்."

"கட்டடம் பிரசவம் பாக்குமா? ரிப்பன் வெட்ட ஆள் இருந்துது, சாவியைத் திருப்ப ஆள் இல்ல. சாராயத்தைத் தடை பண்ணி அந்த வருமானத்தை விட்டான். அதைப் பிடிக்க போலீசுக்குச் சம்பளம் குடுக்கான். எம் பட்டறைக்குப் பின்னால காய்ச்சுதவன் காய்ச்சிக்கிட்டுத்தான் இருக்கான். ஒரு நர்ஸுக்குச் சம்பளம் குடுக்க மட்டும் துட்டு இல்லையாம்!"

ஏப்ரலில் ஒரு ஞாயிறு இன்னாசிமுத்து என்னை வந்து கூப்பிட்டார். "நர்ஸம்மா, ஒரு கட்டில் மட்டும் வேற மாதிரி கெடக்கு. எவனும் உள்ள படுத்துத் தூங்குதானோ?"

போய்ப் பார்த்தேன். எங்கள் தொழிலில் காலிக் கட்டிலை மூடி வைப்போம். தூசி விழாதபடி மேல்விரிப்பைத் தலைமாடு வரை இழுத்துவிடுவோம். ஆள் வரப்போகிறது என்று தகவல் வந்தால்தான் விரிப்பை மடித்துத் திறந்து வைப்போம். ஐந்து கட்டில்கள் மூடியிருந்தன. மூன்றாவது திறந்திருந்தது. தரையில் இரண்டு வருஷத் தூசி ஒரே சீராகப் படிந்திருந்தது, ஒரு காலடி இல்லை. பூட்டில் துரு.

இன்னொன்றும் பார்த்தேன். கால்மாட்டு மூலையில் விரிப்பை இரண்டு முறை மடித்துச் செருகியிருந்தது. அது எங்கள் மிஷன் ஆஸ்பத்திரி மேட்ரனின் மடிப்பு. பம்பாயில் என்னைத் தவிர யாரும் அப்படிச் செருகி நான் பார்த்ததில்லை. மேட்ரன் இறந்து பதினோரு வருஷம். செல்வமேரிக்கு அப்போது ஆறாம் மாதம். "எலி இழுத்திருக்கும்" என்று சொல்லி அவரை அழைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பிரசவத்தை சயான் ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்வதென்று ஏற்பாடு. குழந்தை கால் கீழாக இருந்ததால் நான்தான் வற்புறுத்தினேன். ஜூலையில் மூன்று நாள் விடாத மழை. மூன்றாம் நாள் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அவளுக்கு வலி எடுத்தது. அறைக்குள் முழங்கால் தண்ணீர். ரயிலும் இல்லை, டாக்சியும் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரத்தில் மேடான இடம் அந்த விடுதி ஒன்றுதான். எங்கள் வரிசையிலேயே குடியிருந்த பட்டறை ஆட்கள் இருவர் அவளை நாற்காலியில் வைத்துத் தூக்கிவந்தார்கள்.

ஷேக் பரீத் கரி உடைக்கும் சுத்தியலைக் கொண்டுவந்தார். இன்னாசிமுத்து அதை வாங்கிக்கொண்டு நின்றார்.

"சர்க்கார் பூட்டுல்லா, நர்ஸம்மா. ஜெயில்ல போட்டுருவானே."

"யார் துட்டுல வாங்கின பூட்டு?" என்றேன்.

நாலே அடியில் உடைத்தார்.

பூட்டிக் கிடந்த வீட்டு வாடையை எதிர்பார்த்துத்தான் நுழைந்தேன். பினாயில் மணந்தது. தூசியில் எங்கள் காலடிகள்தான் முதலில் விழுந்தன. மூன்றாம் கட்டிலில் விரிப்பு உலர்ந்து வெள்ளையாக இருந்தது. அதன் அடியில் ரப்பர் விரிப்பு, வேண்டிய இடத்தில் வேண்டிய அளவுக்கு. பக்கத்து ஸ்டூலில் கத்தரிக்கோலும் கட்டுநூலும் பஞ்சும் ஒரு தட்டில் இருந்தன. எல்லா வார்டிலும் தட்டை வலப்பக்கம் வைப்பார்கள். நான் இடக்கைக்காரி. வேலைக்குச் சேர்ந்த எல்லா இடத்திலும் தட்டை நானே மாற்றி வைத்துக்கொள்வேன். இது இடப்பக்கம் இருந்தது.

யோசிக்க நேரமில்லை. ஆண்களை வெளியே அனுப்பிவிட்டுக் கை கழுவினேன். வெளியிலிருந்து, "உசிரு ரெண்டும் இருக்குல்லா?" என்று அவர் கால் மணிக்கொரு தரம் கேட்டுக்கொண்டேயிருந்தார். தலை வெளிவரத் தாமதமானபோது விரலால் குழந்தையின் முகவாயைத் தாழ்த்தி எடுத்தேன். நாலு மணி நாற்பது நிமிஷத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. காலைப் பிடித்துத் தட்டியதும் அழுதது. தாய்க்குக் காய்ச்சல் வரவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி மட்டும் இன்னாசிமுத்து படுக்கவேயில்லை.

விடுதியை விட்டு வரும்போது வழக்கப்படி மெத்தையைச் சுருட்டி வைத்தேன். அழுக்கு விரிப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து கொதிநீரில் போட்டுத் துவைத்தேன். மாற்று விரிப்புக்காக அலமாரியைத் திறந்து பார்த்திருந்தேன், உள்ளே ஒன்றுமில்லை.

ஒரு வாரம் கழித்து அதிகாரி ஒருவர் வந்து பெரிய பூட்டாகப் போட்டார். இன்னாசிமுத்து பழைய பூட்டின் விலையைக் கட்டி ரசீது வாங்கிக்கொண்டார். அடுத்த ஞாயிறு என் கதவைத் தட்டினார்.

"மூணாங்கட்டில்ல மெத்தை விரிச்சிருக்கு. புது விரிப்பு. மூடி வச்சிருக்கு."

துவைத்த விரிப்பு என் பெட்டியில் இருந்தது. எடுத்துக் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "ஒரு மனு எழுதணும்" என்றார்.

அவர் சொல்ல நான் எழுதினேன். "என் பட்டறையில் ஒருவன் தைத்தால் அன்றைக்கே கூலி கொடுக்கிறேன். மேற்படி விடுதியில் ஒரு நர்ஸ் இரண்டு வருஷமாகச் சம்பளமில்லாமல் வேலை பார்க்கிறார். என்னிடம் வாங்கிய வரியிலிருந்து அவருக்குச் சேரவேண்டியதைக் கொடுக்கவும்."

நாலு மாதம் கழித்துக் கோட்டைப் பகுதி சர்க்கார் ஆபீஸிலிருந்து ஒரு வரியில் பதில் வந்தது. மேற்படி கட்டடத்தில் இதுநாள்வரை எந்தப் பணியிடமும் அனுமதிக்கப்படவில்லை.

"பாத்தியளா" என்றார் இன்னாசிமுத்து. "கூலியில்லாம வேலை வாங்குதான்னு அவனே எழுதிக் குடுத்துட்டான்."

அதற்குப் பிறகு அவர் தவணைக்கு முந்தின நாளே வரி கட்டினார். சர்க்காரைத் திட்டுவதை விடவில்லை. ஜன்னலில் மூக்கை மட்டும் அழுத்துவதில்லை. இரண்டடி தள்ளி நின்று, தொப்பியைக் கழற்றிக்கொண்டு பார்ப்பார்.

போன ஞாயிறு அவரோடு நானும் போனேன். ஐந்தாம் கட்டில் திறந்திருக்கிறது. தட்டு இடப்பக்கம். எங்கள் வரிசையில் யாருக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று வீடு வீடாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இதுவரை எல்லோரும் இல்லை என்கிறார்கள். சுத்தியலை ஷேக் பரீத் கடையிலேயே வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.