இடப்பக்கம் தூங்கவில்லை

முதலியார்பேட்டையில் எங்கள் தெருக் கடைகளெல்லாம் மதியம் ஷட்டரை இறக்கிவிடும். கடைக்காரர்கள் தூங்கப் போய்விடுவார்கள். என் மகளுக்கும் அந்தப் பழக்கம்தான். "தூங்குடி கண்ணு" என்று ஒரு தரம் சொன்னால் போதும், வலப்பக்கம் திரும்பிப் படுத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். அதில் எனக்குப் பெருமை வேறு.

ஐந்து வயதில், கூப்பிட்டால் திரும்பாமல் போனாள். திமிர் என்று நினைத்து இரண்டு அதட்டு அதட்டினேன். பிறகு பேச்சும் குறைந்தது. பூனையை "அது" என்றாள். மாம்பழமும் "அது"தான். காது டாக்டர் பார்த்துவிட்டுக் காதில் ஒரு குறையும் இல்லை என்றார்.

என் கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருக்கிறார். அங்கிருந்தபடியே வீடியோவில் காரணம் கண்டுபிடித்தார்.

"ஸ்கூல்ல பிரெஞ்சு, வீட்ல தமிழு. புள்ள கொழம்பிப் போயிருக்கா. இனிமே வீட்ல தமிழ் வேணாம்."

"எனக்குத் தெரிஞ்ச பிரெஞ்ச வெச்சிக்கினு கத்திரிக்கா கூட வாங்க முடியாது" என்றேன். ஆனால் அவர் வீட்டு ஆட்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள். டிவியையும் நிறுத்தினேன். தூங்கச் சொல்வது மட்டும் தமிழில். மற்றபடி வீட்டில் பேச்சே இல்லை. அந்த அமைதியில் அவளிடமிருந்து இன்னும் என்னென்ன வார்த்தைகள் போயின என்று ஒருவருக்கும் தெரியாது.

ஒரு மதியம், தூக்கத்தில் அவள் வாயின் வலது ஓரம் மட்டும் வெட்டி வெட்டி இழுத்தது. அடித்துப் பிடித்துக்கொண்டு நரம்பு டாக்டரிடம் ஓடினோம்.

தலை முழுக்க ஒயர் ஒட்டினார்கள். விழித்திருந்தவரை திரையில் மூளையின் இரண்டு பக்கக் கோடுகளும் ஏறக்குறைய ஒன்றுபோல ஓடின. அவள் தூங்கியதும் வலப்பக்கம் மெதுவாக அலையடித்தது. இடப்பக்கம் கூர்கூராகக் கிறுக்கத் தொடங்கியது. நிற்கவே இல்லை. பதிவெடுத்த பெண் அதன்பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை.

"பேச்ச பாத்துக்கற பக்கம் அதான்மா" என்றார் டாக்டர். "தூங்குனா அது மட்டும் ஓய மாட்டேங்குது. வலிப்பு மாதிரி ஓடிக்கினே இருக்குது. அதான் வார்த்தைங்க போவுது."

"அப்போ தூங்க விடாம வெச்சிக்கட்டுமா?"

"தூங்காம கொழந்த எப்டிம்மா இருக்கும்? மருந்து குடுப்போம். எவ்ளோ திரும்பி வரும்னு இப்ப சொல்ல முடியாது."

வீடு வரும்வரை அவள் கையை விடவில்லை.

மறுநாள் மருந்து கொடுத்தேன். மதியம் தெருவில் ஒவ்வொன்றாக ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டது. அவள் கட்டிலில் உட்கார்ந்து என் வாயையே பார்த்தாள். பிரெஞ்சாவது மண்ணாவது என்று தமிழிலேயே கேட்டேன்.

"தண்ணி வேணுமா?"

பார்வை என் வாயை விட்டு நகரவில்லை.

"பூனை எங்கடி?"

எந்தப் பக்கமும் திரும்பவில்லை.

"அம்மா எங்க? அம்மாவக் காட்டு."

கை எழவில்லை. கண் சொருகியது. ஆனாலும் படுக்காமல் எதற்கோ காத்திருந்தாள். தூங்கு என்று நான் சொல்லவே கூடாது, அவளாகத் தூங்கட்டும் என்றுதான் இருந்தேன். உட்கார்ந்தபடியே தள்ளாடினாள். பார்க்கப் பொறுக்கவில்லை.

"தூங்குடி கண்ணு" என்றேன்.

உடனே வலப்பக்கம் திரும்பிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அந்த ஒன்று மட்டும் அவளுக்குப் புரிந்தது.