எழுபதாயிரம் ஓடிய என் வண்டி

இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய என் ஸ்போர்ட்ஸ் காரை விற்க நினைத்தபோது முதலில் நண்பனைத்தான் கேட்டேன். வண்டியை ஒருமுறைகூடப் பார்க்காதவன், போனிலேயே மறுத்துவிட்டான்.

"எழுபதாயிரம் கிலோமீட்டர் ஓடின வண்டில இன்னா மீதி கீது மச்சி?"

நேரத்துக்கு சர்வீஸ் விட்ட வண்டி, பாலவாக்கம் பக்கம் நிதானமாக ஓட்டியது என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. கடைசியில் ஒரு புரோக்கரிடம் தள்ளிவிட்டேன்.

இன்று அதே நண்பன் அடையாறில் பழைய கார் விற்கும் ஷோரூமுக்கு என்னைத் துணைக்கு அழைத்துப் போனான். "சூப்பர் வண்டி மச்சி. இருபதாயிரம்தான் ஓடிக்கீது."

நம்பர் பிளேட்டைப் பார்த்தேன். என் வண்டி. டாஷ்போர்டில் என் பிள்ளையாரை ஒட்டியிருந்த பசைத் தடம்கூட அப்படியே இருந்தது.

"ஒரே ஓனர் சார். டாக்டர். கோயிலுக்கு மட்டும்தான் எடுப்பாரு" என்றார் சேல்ஸ்மேன்.

"அந்த டாக்டர் நான்தான். எனக்கு ஊசி போடக்கூடத் தெரியாது" என்றேன். நண்பனிடம் திரும்பி, "நீ வேணாம்னு சொன்ன அதே எழுபதாயிரம்டா இது. மீட்டரக் கொறச்சிருக்காங்க."

சேல்ஸ்மேன் கொஞ்சமும் கூசவில்லை. "நீங்க உள்ளதச் சொன்னீங்க சார், ஃபிரண்டே வாங்கல. நாங்க அவரு ஆசப்பட்டதச் சொன்னோம், அட்வான்ஸோட வந்துட்டாரு."

நண்பனின் கையைப் பிடித்து இழுத்தேன். அவன் நகரவில்லை. சேல்ஸ்மேனிடம் கேட்டான்:

"இத்த வுடு நைனா. இதவிடக் கம்மியா ஓடினது வேற எதுனா கீதா?"

தனியாக பஸ் பிடித்து வீடு வந்து சேர்ந்தேன்.

உண்மையைச் சொல்லி எதையாவது விற்றவர்கள் இங்கே இருந்தால் கமெண்டில் ஒரு வணக்கம் வையுங்கள். முகத்தையாவது பார்த்துக்கொள்கிறேன்.